காசு கொடுத்துக் கூரை வீட்டுக்கு

மூன்று வாரம் தேடிப் பிடித்த வீட்டை அப்பா ஒரே பார்வையில் தள்ளிவிட்டார். அயர்லாந்தில் டொனிகல் மாவட்டத்தின் மேற்கு ஓரம், க்ளென்கொலம்கில் பக்கம். வெள்ளையடித்த கனத்த சுவர், சிவப்புக் கதவு, மேலே வைக்கோல் கூரை. வாசலில் நின்றால் அட்லாண்டிக். ஆறு பேர் படுக்கலாம். டப்ளினில் இருக்கும் நாங்கள் நான்கு பேர், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மா, கணக்கு சரி. இங்கே சீசனில் கடலோர வீடுகளை நாள் கணக்கில் தர மாட்டார்கள். சனிக்குச் சனி ஒரு வாரமாகத்தான் எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளி ஜூன் கடைசியில் மூடும். அதற்கடுத்த வாரத்துக்கு நல்ல வீடுகள் எல்லாம் முன்கூட்டியே போய்விடும். பிப்ரவரியில் இது காலியாகக் கிடைத்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டு வாட்ஸப்பில் ஊருக்குக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்கருகே கொண்டுபோனார்.

“கூரை வீடாம்மா?”

“ஆமாப்பா. நூறு வருஷத்துக்கு மேல இருக்குமாம். உள்ள ஹீட்டர், பாத்ரூம் எல்லாம் புதுசு.”

“வேண்டாம். ஓட்டு வீடா பாரு.”

அவ்வளவுதான். வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை, கடல் எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அம்மா சிரித்தாள். “கூரையைப் பிரிச்சு ஓடு போட்டு, ஓட்டைப் பிரிச்சு மாடி கட்டுறதுக்குள்ள உங்கப்பா பட்ட பாடு உனக்குத் தெரியாது. இப்ப நீ காசு கொடுத்து அவரைக் கூரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிற.”

அன்றிரவு தூக்கம் வரவில்லை. முதலில் கோபம்தான். இந்த வயதில் ஒரு வாரம் வந்து படுத்துவிட்டுப் போவதற்கு என்ன கௌரவம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், கோளாறு சொல்லிலேயே இருக்கிறது. நமக்கு ‘காட்டேஜ்’ என்றால் ஏற்காடு, கொடைக்கானல், இல்லையென்றால் திருப்பதியில் தேவஸ்தானம் கொடுக்கிற அறை. கூரை வீடு என்பது வேறு. கூரை, ஓடு, மாடி என்பது எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் முழு வரலாறு. பெண் கேட்டு வந்தவர்கள் அந்தக் காலத்தில் முதலில் விசாரித்தது அதைத்தான். 2010ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்றும் திட்டம் வந்தபோது எங்கள் தெருவில் கடைசியாக நின்ற இரண்டு கூரையும் இறங்கின. அன்றைக்கு யாரும் ‘ஐயோ, அழகு போயிற்றே’ என்று வருத்தப்படவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறோமா என்றால் அதுவும் இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் மட்டும் எப்படி அதை விற்கிறார்கள் என்று, அப்பாவிடம் வாதாடுவதற்காகவே படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க என் வாதம்தான் இளைத்தது. இவர்களும் நம்மைப் போலவே கூரையை விட்டு ஓடியவர்கள். 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 80 லட்சத்துக்கு மேல் மக்கள். நான்கு ஆண்டு கழித்து உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தது, பிறகு கப்பலேற்றம். இன்றைக்குத் தனி நாடான தெற்கையும் பிரிட்டனோடு இருக்கும் வடக்கையும் சேர்த்து எண்ணினாலும் 70 லட்சத்தைத்தான் தொடுகிறது. மேற்குக் கடற்கரையில் கார் ஓட்டிக்கொண்டு போனால் கூரையில்லாத கற்சுவர்கள் வயலுக்கு நடுவே நிற்கும், உள்ளே ஆடு மேயும். அந்தச் சுவர்களுக்கும் ஒரு காலத்தில் இதே வைக்கோல்தான் தொப்பி. தங்கியவர்கள் கையில் காசு வந்ததும் ஸ்லேட் பலகைக்கு மாறினார்கள். 1960களின் கடைசியில் சுற்றுலாத் துறைக்கு இது ஞாபகம் வந்து, ஷானன் வட்டாரத்தில் வாடகைக்கு விடுவதற்கென்றே புதிதாகக் கூரை வீடுகளைக் கட்டினார்கள். க்ளென்கொலம்கில்லிலேயே ஜேம்ஸ் மெக்டயர் என்ற பாதிரியார், ஊரை விட்டு ஆட்கள் போவதை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்று எதையெல்லாமோ செய்து பார்த்தவர், 1967ல் ஊர்க்காரர்களைக் கொண்டே மூன்று நூற்றாண்டுகளைக் காட்டும் மூன்று கூரை வீடுகளைக் கட்டி அருங்காட்சியகம் ஆக்கினார். இன்றைக்கும் அது நடக்கிறது. மழை நாளுக்கு ஆகட்டும் என்று என் பட்டியலில் எழுதிவைத்தேன். மேற்கு டொனிகலில் ஒரு வாரம் என்றால் மழை நாளுக்கு மூன்று வரியாவது ஒதுக்க வேண்டும்.

எந்த வழி

வீட்டுச் சண்டை அப்படியே நிற்க, மற்ற ஏற்பாடுகளைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன், அவரும் சரி என்றிருந்தார்.

டப்ளினிலிருந்து வழி கேட்டால் போன் கேவன் வழியாக, எனிஸ்கில்லன் வழியாக, நேர்கோடு போட்டுக் கொடுக்கும். எனிஸ்கில்லன் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். செக்போஸ்ட் கிடையாது, பலகை கூடப் பெரிதாக இருக்காது. சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாக மாறும், வேகப் பலகையில் கிலோமீட்டர் மைலாகும், அவ்வளவுதான் எல்லை. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே தனி விசா வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் எடுக்கும் ஐரிஷ் சுற்றுலா விசாவில் பி.ஐ.வி.எஸ். என்று நான்கு எழுத்து விழுந்துவிட்டால் அது இரண்டு நாட்டுக்கும் செல்லும். போன தடவை வந்தபோதே அப்பா அம்மாவுக்கு அது விழுந்திருந்தது. ஒன்பது வருடமாக இங்கே வரி கட்டும் எங்களுக்குக் கிடையாது. விருந்தாளி போகலாம், வீட்டுக்காரர் போகக்கூடாது. “யாரு நிறுத்திப் பார்க்கப் போறாங்க?” என்று கணவர் கேட்டார். அப்பாவிடம் இதைச் சொன்னதுதான் தப்பு. “சட்டம் பார்க்கிறதுக்காகவா இருக்கு?” என்று போனிலேயே பாடம் எடுத்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஆகவே ஸ்லைகோ வழி. சுமார் 50 கிலோமீட்டர் சுற்று. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இந்த நாடு எப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று புரியும். டொனிகலுக்குக் கிழக்கே முழுக்கப் பிரிட்டன். தெற்கே லீட்ரிம் மாவட்டம் ஒரு சின்ன விரலை நீட்டிக் கடலைத் தொடுகிறது, ஐந்து கிலோமீட்டர் கூட வராத கடற்கரை, நாட்டிலேயே மிகக் குட்டி. அந்த விரல் வழியாகத்தான் டொனிகல் மிச்ச நாட்டோடு ஒட்டியிருக்கிறது. அரசியல் கணக்கில் டொனிகல் ‘தெற்கு’. ஆனால் தீவின் வடகோடியான மாலின் ஹெட் இருப்பது அந்தத் தெற்கில்தான். என் பெரியவனுக்கு இதைச் சொன்னபோது இரண்டு நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மிச்சமெல்லாம் எளிது. ஸ்லீவ் லீக் மலை 601 மீட்டர், நேராகக் கடலில் இறங்குவது. கார் போகிற இடம் வரை போய் அப்பாவை நிற்க வைத்துக் காட்டலாம். மாலின் பெக் கடற்கரைக்கு 150க்கும் மேல் படிகள், அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, மேலேயே ஒரு பெஞ்சு. ஜூலை ஆரம்பத்தில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் இறங்கும், பிள்ளைகளைத் தூங்க வைக்கக் கறுப்புத் துணி. கறிவேப்பிலை, உளுந்து, புளி டப்ளினிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். மின்னடுப்பில் நிற்கும் தட்டையான தோசைக்கல். அம்மா அதை மட்டும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அம்மா சொன்னது

அப்பா நூலகத்துக்குப் போயிருந்த ஒரு மாலையில் அம்மா தானாகவே கூப்பிட்டாள். சுற்றி வளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தாள்.

“உங்கப்பா கௌரவத்துக்குச் சொல்றாருன்னு நினைச்சியா? கும்பகோணம் மறந்து போச்சா உனக்கு?”

மறக்கவில்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நான் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரம். சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, மாடி வகுப்பறைகளின் மேல் இறங்கி, 94 குழந்தைகள். குறுகலான படிக்கட்டு. அந்த வாரம் முழுக்க எந்த வீட்டிலும் டிவியை நிறுத்தவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாதது, அப்பாவின் பள்ளிக்கூடம். அது ஊராட்சி ஒன்றியப் பள்ளி, கட்டடம் போதாது. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரு கீற்றுக் கொட்டகையில் நடந்தன. அந்தக் கொட்டகையைப் போட்டதே அப்பாதான். பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று முந்தைய வருடம் வீடு வீடாகப் போய்க் கீற்றும் மூங்கிலும் கேட்டு வாங்கியிருக்கிறார். அதற்காக ஊரில் பாராட்டி ஒரு துண்டு கூடப் போர்த்தினார்கள், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

“அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனார். நானும் பின்னாடியே போனேன். தனி ஆளா ஏணியில ஏறிக் கீத்தைப் பிரிச்சுப் பிரிச்சுக் கீழ போடுறார். காலையில ஆள் வச்சுப் பிரிச்சுக்கலாமேன்னேன். ‘ஒரே வாசல், ஒரே வாசல் வச்சுட்டேன்’னு அதையே சொல்லிக்கிட்டிருந்தார்.” பள்ளிகளில் கூரையை அகற்றச் சொல்லி அரசாணை பிறகுதான் வந்ததாம். அதற்குள் இங்கே வெறும் மூங்கில் நின்றது. அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு வகுப்புகளையும் கோயில் மண்டபத்தில் வைத்து நடத்தினார்.

வீட்டில் இருந்துகொண்டே இதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். பொதுத்தேர்வு வருடம், புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மறுநாள் வீட்டுக்காரம்மாவுக்கு எழுதினேன்: மன்னிக்கவும், என் தந்தைக்குக் கூரை வீடு என்றால் தீ பயம், அதனால் வேண்டாம் என்று நினைக்கிறோம். காரணத்தை நான் எழுதியிருக்கத் தேவையில்லை. அவர் பதில் எழுதவில்லை, போன் செய்தார்.

இரண்டு போன்

எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஐரிஷ் மொழியிலேயே வளர்ந்தவர், ஆங்கிலத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுவது போல இருந்தது. புக்கிங் போகிறதே என்ற வருத்தம் குரலில் இல்லை. “உங்கள் அப்பாவுக்குத் தெரிந்ததைத்தான் எனக்கு இன்ஷூரன்ஸ்காரர்களும் சொல்கிறார்கள்” என்றார். கூரை வீட்டுக்குக் காப்பீடு தர இங்கே பெரும்பாலான நிறுவனங்கள் முன்வருவதில்லை, தருகிறவர்கள் கேட்கும் தொகையும் நிபந்தனையும் அதிகம். திறந்த கணப்பை அடைத்துவிட்டாராம், கூரைக்குள் வயர் எதுவும் போகவில்லையாம். “அவரிடம் நானே பேசட்டுமா?” என்றார்.

மேசையில் இரண்டு போனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் டொனிகல், ஒன்றில் திருவாரூர் மாவட்டம், நடுவில் நான். அப்பா வணக்கம் சொன்னார், அவரும் ஏதோ ஐரிஷில் சொன்னார். அந்த வீட்டில்தான் பிறந்தேன், ஒன்பது பேர் இருந்தோம், இப்போது பக்கத்திலேயே பங்களாவில் இருக்கிறேன் என்றார். நான் யோசிக்காமல் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

“பங்களாவா! பெரிய இடம் போலிருக்கேம்மா.”

இங்கே பங்களா என்றால் மாடியில்லாத சாதாரண வீடு என்று விளக்கினேன். 1970களில் கையில் கொஞ்சம் பணம் வந்ததும் மேற்குக் கடற்கரை முழுக்க ஆளாளுக்குக் கட்டிக்கொண்டது அதைத்தான். வங்காளத்துச் சொல் எங்கெல்லாமோ சுற்றி இங்கே ஏழை வீட்டுக்கும் அங்கே பணக்கார வீட்டுக்கும் பெயராகிவிட்டது. அப்பா சிரித்தார். “அப்ப அந்தம்மாவும் கூரையை விட்டுட்டு வந்தவங்கதான்.” இதை நான் மொழிபெயர்த்தபோது அந்தப் பக்கமும் சிரிப்பு. முதல் நாள் ராத்திரி பங்களாவில் படுத்தபோது கதகதப்பில் தூக்கமே வரவில்லை என்றார்.

அதன் பிறகு நான் வெறும் குழாய்தான். என்ன வைக்கோல்? ஓட்ஸ். எங்களுக்கு நெல், ஆனால் நெல் வைக்கோல் சீக்கிரம் மக்கிவிடும், கீற்றுதான் அதிகம். அடியில் என்ன? மரச்சட்டத்தின் மேல் புல்லோடு வெட்டிய மண் பத்தைகளைப் பாய் மாதிரி விரித்துத் தைப்போம், அதன் மேல் வைக்கோல். மேலே வலை மாதிரி தெரிகிறதே, அது என்ன? கயிறு. கூரையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, சுவரில் இறவாணத்துக்குக் கீழே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கல் முளைகளில் முடிவோம். இல்லாவிட்டால் அட்லாண்டிக் காற்று அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடும். “நாங்களும் புயலுக்குக் கயிறு போடுவோம்னு சொல்லு” என்றார் அப்பா. “ஆனா முளைக்குப் பதிலா உரலு, பழைய டயரு.”

புயல் என்றதும் அந்தம்மா 1839 ஜனவரி 6 ராத்திரி அடித்த பெருங்காற்றைச் சொன்னார். 1909ல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது 70 வயது ஆகியிருக்க வேண்டும், பாதிப் பேரிடம் பிறப்புச் சான்று கிடையாது, அதனால் ‘பெருங்காற்று ஞாபகம் இருக்கிறதா’ என்று கேட்டுத்தான் கொடுத்தார்களாம், ஊரில் எல்லோருக்கும் திடீரென்று ஞாபகம் வந்துவிட்டதாம். அப்பா இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எத்தனை பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி எழுதியிருப்பார்! “புயல் அடிச்ச வருஷம் பொறந்தான் சார்” என்று தாய் சொல்வாள். 1977 என்று இவர் போடுவார், தேதி ஜூன் மாதத்தில் இவர் இஷ்டம்.

சிரிப்பு அடங்கி, கொஞ்ச நேரம் இரண்டு போனிலும் சத்தமில்லை. பிறகு அப்பா கேட்டார்.

“வாசல் எத்தனைன்னு கேளும்மா.”

கேட்டேன். என் குரல் சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

“இரண்டு” என்றார் அந்தம்மா. “எதிரெதிரே. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் எல்லாமே அப்படித்தான். காற்று மேற்கே அடித்தால் கிழக்குக் கதவைத் திறப்போம், கிழக்கே அடித்தால் மேற்கு. நாங்கள் பிள்ளைகள் ஒன்றில் நுழைந்து ஒன்றில் ஓடுவோம், அம்மா துடைப்பத்தோடு துரத்துவாள்.”

“பின் வாசலுக்குச் சாவி?”

“எப்போதும் கதவிலேயே.”

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு, கதவிலேயே, என்ற ஆங்கிலச் சொற்களை அவரே வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். “சரி, போட்டுடு” என்றார். முன்பணம் எவ்வளவு என்று அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார், ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு, அந்தம்மா இன்னும் லைனில் இருக்கிறாரா என்று குரலைத் தாழ்த்தினார்.

ஜூலையில் போனோம். மழை நான்கு நாள், வெயில் இரண்டு நாள், ஒரு நாள் எதுவென்று சொல்ல முடியாத மாதிரி. வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா பெட்டியைக் கூட வைக்கவில்லை, நேரே பின் வாசலுக்குப் போனார். கதவுக்கு முன்னால் செருப்புத் தட்டும் விறகுக் கூடையும் இருந்தன. இரண்டையும் ஓரமாக நகர்த்திவிட்டு, சாவியை ஒரு தடவை திருப்பிப் பார்த்து, கதவை விரியத் திறந்தார். கல் சுவர், அதற்கப்பால் ஆடுகள், முதுகில் நீலச் சாயம். பிள்ளைகள் இரண்டும் முன் வாசலில் புகுந்து பின் வாசலில் பாய்ந்து வீட்டைச் சுற்றி ஓடி மறுபடி முன் வாசலில் புகுந்தன. பள்ளிக்கூடத்து நடைபாதையில் எவன் ஓடினாலும் முட்டி போட வைத்தவர், நடுக்கூடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து காலை மட்டும் மடக்கிக்கொண்டார். காற்று வீட்டை ஊடுருவிப் போய்க்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள், ஒரு கதவையாவது சாத்துங்களேன், கல்லு சூடேற மாட்டேங்குது.

“திறந்தே இருக்கட்டும்” என்றார் அப்பா.